பட்டையைப் படித்தவர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் ஊர் லகாட்டுக்கு மேற்கே கிளேடாங் மலை. கருங்கல் மலை, உடம்பெல்லாம் காடு, உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள். கிழக்கே ஈப்போவைத் தாண்டிப் பார்த்தால் சுண்ணாம்புக் குன்றுகள், வெள்ளையும் காவியுமாகக் கோடிழுத்த செங்குத்துப் பாறைகளோடு. அவற்றுக்கும் பின்னால் நீலமாகத் தித்திவாங்சா மலைத்தொடர். நடுவே கிடக்கும் தட்டை நிலம்தான் கிந்தாப் பள்ளத்தாக்கு. சுண்ணாம்புக்கல் பழைய கடலடியில் படிந்தது. கருங்கல் அதற்கு வெகு பின்னால், ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன், கீழிருந்து குழம்பாக ஏறி இறுகியது. அது கொண்டுவந்த வெள்ளீயம், நாங்கள் ஈயம் என்று மட்டும் சொல்வது, மழையில் அரித்து இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் குழிகளிலும் பொந்துகளிலும் தங்கிக்கொண்டது. லகாட்டில் அது தங்கிய விதம் விசித்திரம்: கல்லுக்குள் குழாய்போல் இறங்கிய ஒரு துளை நிறைய ஈயம். ஆங்கிலேய ஆட்சியில் இங்கே அரசு நிலவியலாளராக இருந்த ஸ்கிரிவனர், இந்த 'லகாட் குழாய்' பற்றி மட்டுமே 1909இல் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் ஊர் உலக ஏட்டில் ஏறியது ஒரு துளையின் பெயரால்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே இயற்கையைப் பார்க்கப் போகிறவன் பெரும்பாலும் யாரோ தோண்டிப் போட்டதைத்தான் பார்க்கிறான். மெங்லெம்புவிலிருந்து லகாட், பூசிங், பத்துகாஜா, தஞ்சோங் துவாலாங் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் குட்டைகள். எல்லாம் ஈயலம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், விட்டுப்போன குழிகள். மழைநீர் நிரம்பி, களிமண் துகள் மிதந்து, சில குட்டைகள் பச்சை கலந்த நீலமாக நிற்கும். வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். கரையில் ஒன்றுக்கும் உதவாத வெள்ளை மணல். அதில் லாலாங் புல், செண்டுடுக் செடியின் ஊதாப்பூ, எங்கிருந்தோ வந்து வேர்விட்ட அக்கேசியா. பத்துகாஜா பக்கத்துக் குட்டைகளில் சாம்பல் நாரையும் செந்நாரையும் இராக்கொக்கும் கூடு கட்டுகின்றன. கிந்தா இயற்கைப் பூங்கா என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறு காலைகளில் பீரங்கி நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர்கள் கூடும் இடம் அது. நானும் அவர்களில் ஒருவன். என்னுடைய லென்ஸ் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சனிக்கிழமை அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன். நாரைகளைப் பார்த்தால் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "இந்தக் குட்ட எவ்ளோ ஆழம்டா?" என்று. ஈயக்குட்டையில் விழுந்து செத்த பிள்ளைகளின் கதை எங்கள் பக்கத்து எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். கரை சரிவாக இறங்காது. ஒரு அடி வைத்தால் முழங்கால், இரண்டாவது அடியில் தலைக்கு மேல். பிறகு நாரைகளைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கிளேடாங் பக்கம் திரும்பி, இலைகள் எந்தப் பக்கம் புரள்கின்றன என்று பார்த்து, "சீக்கிரம் எடு போட்டாவ. மழ வரும் இன்னிக்கு" என்றார். பன்னிரண்டு மணிக்குள் கொட்டியது. லென்ஸ்காரர்கள் எல்லோரும் நனைந்தார்கள். நாங்கள் இருவரும் காருக்குள் இருந்தோம்.

காருக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் இத்தனை வருடம் குறிப்பேடும் கையுமாக அலைந்து கற்றுக்கொண்டது, பறவைகளின் பெயர்கள். அம்மா கற்றது வேறு. அதற்கு யாரும் இயற்கை நோக்கல் என்று பெயர் சூட்டவில்லை. அது கூலி வேலை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவது.

பால்மரம் வெட்டுகிறவர் கண் எப்படிப் பழகியிருக்க வேண்டும் என்பதைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ரப்பர் மரத்தின் பால் கட்டைக்குள் இல்லை. பட்டைக்குள், அதிலும் உள்பட்டையில் ஓடும் நுண்ணிய குழல்களில் இருக்கிறது. அந்தக் குழல்கள் நேராக ஏறுவதில்லை, லேசாகச் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வை எதிர்த்து, இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகமான குழல்கள் அறுபடும். வெட்டு ஆழமாகவும் இருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோதான். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும், கணக்கெழுதும் கிராணி திட்டுவார். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அந்த இடம் முண்டு முண்டாக வீங்கும், மேற்பார்வை பார்க்கும் தண்டல் திட்டுவார். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், கொசுக்களுக்கு நடுவே, ஒரு மரத்துக்குச் சில வினாடிகள், ஒரு காலைக்குப் பல நூறு மரங்கள். 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி செய்த சோதனைகளிலிருந்துதான், மரத்தைச் சாகடிக்காமல் தினமும் மெல்லிய சீவலாக வெட்டும் இந்த முறை உருவானது என்று புத்தகங்களில் இருக்கிறது. ரிட்லிக்கு அந்தப் பெருமை சேரட்டும். அதை லட்சக்கணக்கான மரங்களில், மரத்துக்கு மரம் பட்டையின் தடிப்பு மாறுவதைக் கைநுனியில் உணர்ந்து நடத்திக்காட்டியவர்கள் பெயர், பெரட்டுப் புத்தகம் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் எழுதப்பட்டது, அதுவும் வராத நாளைக் குறிப்பதற்காக.

விடிவதற்கு முன் ஏன் வெட்ட வேண்டும் என்பதற்கும் காரணம் மரத்துக்குள் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை வெளியேற்றுவது குறைவு; மரத்துக்குள் நீரழுத்தம் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பால் சுருங்கும். இதை அம்மாவுக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. "வெயில் வந்துட்டா மரம் பாலக் கொடுக்காது" என்பது அவர் வாக்கியம். இரண்டும் ஒன்றுதான்.

1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பதற்காக. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அதுவரை வெளிச்சத்தில் பள்ளிக்குக் கிளம்பிய நாங்கள் இருட்டில் கிளம்ப ஆரம்பித்தோம். இன்றும் இங்கே சனவரியில் ஏழேகால் தாண்டித்தான் சூரியன் எழும். பிள்ளைகளுக்கு அது குழப்பம், கிழவர்களுக்கு எரிச்சல். எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணியை அரைமணி தள்ளி அடித்தார்கள், அதோடு சரி. மரம் எந்த அரசாணைக்கும் கட்டுப்படாது என்று தோட்டத்துக்கே தெரிந்திருந்தது. அம்மா இன்றுவரை நேரத்தைப் "பழைய மணி, புது மணி" என்று இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மழையிலும் அவருக்கு இரண்டு இருந்தது. மலேசியாவில் மழை என்றால் பிற்பகல் இடிமழைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். காலையெல்லாம் வெயில், மூன்று மணிக்கு மலையோரம் கறுப்பு, நான்கு மணிக்குப் பேய்மழை. அது அம்மாவின் மழை இல்லை. அதற்குள் பால் ஸ்டோருக்குப் போயிருக்கும், பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்தாயிற்று. அவர் பயந்தது விடியற்காலை மழைக்கு. மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, மேற்குக் கரையில் விடியும் முன்னே காற்றோடு வந்து அடிக்கும் மழை வரிசைகளைச் 'சுமத்ரா' என்பார்கள் வானிலைக்காரர்கள். ஏப்ரல் தொடங்கி நவம்பர்வரை அதன் காலம். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் நிற்காது, மரத்தின் மேலெல்லாம் பரவி வழியும், மங்கில் விழுவதும் தண்ணீரோடு சேர்ந்து வீண். பட்டை காய்வதற்குக் காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். மழை நின்றபின் ஒரு மரத்தைத் தடவிப் பார்த்து, வெட்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த உள்ளங்கை முடிவில் அன்றைய கூலி இருந்தது. ஆகவே எங்கள் வீட்டில் மழையைப் பற்றி யாரும் அழகாகப் பேசியதில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துத் தகரக்கூரையில் விடிகாலை மழை விழும் சத்தத்தை நான் பல கவிதைகளில் இனிமையாகப் படித்திருக்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் அம்மா இருட்டில் எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் வாசலைப் பார்ப்பதன் சத்தம்.

மழைக்கு ஒரு கணக்கு என்றால், பாலுக்கு இன்னொரு கணக்கு. ஸ்டோரில் எடை மட்டும் பார்ப்பதில்லை. பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அளப்பார்கள். அந்தக் குழலைப் படிப்பவர் கிராணி. பாலை உண்டாக்கிய மரத்தைப் படித்தவர் வரிசையில் நின்று, அவர் சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொள்வார். எந்த மாதம் எண் இறங்கும், எந்த மரங்கள் நீர்த்த பால் தரும், இலை உதிர்க்கும் நாட்களில் எவ்வளவு குறையும் என்று அம்மாவின் தலைக்குள் ஒரு பேரேடே இருந்தது. கிராணி சொன்ன எண் அதோடு பொருந்தாத நாட்களில் வீட்டுக்கு வந்து அடுப்படியில் பாத்திரங்களைச் சற்று ஓசையாகக் கழுவுவார்.

இலை உதிர்க்கும் காலம்தான் எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, திருவிழா. பிப்ரவரி வாக்கில், மழை ஓய்ந்து வெயில் காயும் நாட்களில், பச்சைத் தோட்டம் முழுவதும் காவியாகி, சிவப்பாகி, சில வாரங்களில் மொட்டையாகிவிடும். மர வரிசைகளான நிறைகளுக்கு நடுவே கணுக்கால்வரை சருகு. வருடம் முழுவதும் ஒரே பச்சையாக இருக்கும் நாட்டில் இலையுதிர் காலம் என்ற ஒன்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்தான் என்ற பெருமை எனக்குப் பின்னால் வந்தது. அந்த உதிர்தல் மலாயாவுக்குச் சொந்தமானதல்ல. மரம் அமேசான்காரன். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகள், அங்கிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகள், அவற்றில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோல கங்சாரில் நட்ட ஒன்பது. எங்கள் பேராக் மாநிலத்திலேயே அந்த ஒன்பதில் ஒன்று இன்னும் நிற்கிறது, வேலி போட்டு, பலகை வைத்து. வறண்ட பருவம் வந்தால் இலையைக் கொட்டு என்ற தன் சொந்த நாட்டுப் பழக்கத்தை மரம் இங்கேயும் விடவில்லை. எங்கள் பாட்டன்மாரும் சொந்த ஊர்ப் பழக்கம் பலவற்றை அப்படித்தான் விடாமல் வைத்திருந்தார்கள் என்று இந்த இடத்தில் எழுதத் தோன்றுகிறது. எழுதினால் நன்றாகவும் இருக்கும். ஆனால் மரத்தை விதையாகக் கப்பலேற்றியவர்களும் மனிதர்களை முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றியவர்களும் ஒரே கணக்குப் புத்தகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள உண்மையான உறவு.

ஆகஸ்டு, செப்டம்பரில் காய் வெடிக்கும். உச்சிவெயிலில் 'டப்' என்று சத்தம். தொடர்ந்து விதைகள் சருகில் விழும் சரசரப்பு. பழுப்பில் புள்ளிபோட்ட வழவழப்பான விதை. அதைச் சிமெண்டுத் தரையில் பலங்கொண்ட மட்டும் தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அலறுவான். மலேசியத் தோட்டங்களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இந்த ஒரு கொடுமையை ஒப்புக்கொள்வார்கள். எனக்குக் காடு என்றால் அந்த நிறைகள்தான். நேர்கோட்டில் நட்டு, எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மங்கு மாட்டிய காடு. உண்மையான காடு கிளேடாங்கில் கண்ணெதிரே இருந்தது. யாரும் அங்கே போனதில்லை. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை அரசு ஒடுக்கிய அவசரகாலத்தில், 1948க்குப் பிறகு, மலையோரக் காட்டுப் பக்கம் போவது எவ்வளவு ஆபத்து என்று பெரியவர்கள் கற்ற பாடம், காரணம் மறைந்த பிறகும் எங்கள் காலத்துக்கு வெறும் பயமாக வந்துசேர்ந்தது.

தோட்டம் எண்பதுகளின் பிற்பாதியில் செம்பனைக்கு மாறியது. ரப்பர் மரங்களை இயந்திரம் வைத்துத் தள்ளியதை நாங்கள் சடக்கில் நின்று பார்த்தோம். செம்பனை நிழல் வேறு. ரப்பருக்கடியில் வெளிச்சம் துண்டு துண்டாக விழும், அது அசையும்; செம்பனைக்கடியில் கெட்டியான இருட்டு, தண்டெல்லாம் பெரணி, எலிகள், எலிக்காகப் பாம்பு. எலிக்காகவே மரப்பெட்டி வைத்துக் கூகைகளையும் குடியேற்றினார்கள். செம்பனைக்கு விடியற்காலை தேவையில்லை. அதைவிட எனக்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதன் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் ஆப்பிரிக்க வண்டு இங்கே இல்லாததால், பல காலம் தோட்டத்து ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தப்பொடி தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து அந்தக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலை இல்லாமல் போனது. ஒரு பூச்சியின் வேலையை மனிதர்கள் செய்தார்கள். பூச்சி வந்தது, மனிதர்களை அனுப்பினார்கள். பறவை நோக்குகிறவர்களின் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சுவையான தகவல் என்று குறித்துக்கொண்டார்கள்.

குட்டைக்கரையில் தூண்டில் போட ஒரு சீனப் பெரியவர் வருவார். நாரைகள் அவர் மீனைப் பங்குபோடுகின்றன என்பது தவிர அவற்றின்மேல் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். இளமையில் ஈயலம்பத்தில், குழியின் அடியில் நின்று நீர்ப்பீரங்கியால் மண்சுவரைக் கரைத்த ஆள். கரைந்த சேற்றைப் பாலோங் என்ற உயரமான சாய்வு வாய்க்காலில் ஏற்றி ஓடவிடுவார்கள். கனமான ஈயமணல் தங்கும், மற்றது போகும். மிச்சத்தை டூலாங் தட்டில் போட்டு அரித்து நாலு காசு பார்க்கப் பெண்கள் காத்திருப்பார்கள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை ஒரே நாளில் சரிந்து, லண்டனில் வாணிபத்தையே நிறுத்தினார்கள். கிந்தாவின் நிறைய லம்பங்கள் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. நான் புகைப்படம் எடுக்கும் நீலக் குட்டைகள் பலவற்றின் வயது அங்கிருந்து தொடங்குகிறது. அந்தப் பெரியவர் சேற்றின் நிறத்தைப் பார்த்தே ஈயம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். நான் நம்புகிறேன். வீட்டிலேயே அப்படி ஒருவரை வைத்திருக்கிறேனே.

ஆனால் அந்தக் கண்களுக்கும் தெரியாத ஒன்று லகாட்டில் இருந்தது. ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. மோனசைட்டில் அருமண் தனிமங்கள், கூடவே தோரியம். லகாட்டை ஒட்டிய புக்கிட் மேராவில், ஆசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் 1982இல் மோனசைட்டிலிருந்து அருமண் பிரிக்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்துக்கு அதில் 35 விழுக்காடு பங்கு. கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவைப் பாப்பானில் புதைக்கப் போவதாக 1984இல் தெரியவந்தபோது அந்தச் சின்ன ஊர் எழுந்து நின்று மறித்தது. பாப்பானுக்கு மறிப்பது புதிதல்ல. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் கார்த்திகேசு காட்டுப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்துச் சித்திரவதைப்பட்ட ஊர் அது. 1985இல் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். 1987இல் ஆலை மீண்டும் ஓடியது. அந்த அக்டோபரில் 'லாலாங் நடவடிக்கை' என்ற பெயரில் அரசு நடத்திய கைதுகளில், ஆலையை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1992 சூலையில் ஆலையை மூடும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. வழக்கில் வென்ற நிறுவனம் 1994இல் தானே கடையைக் கட்டியது. குழந்தைகளுக்கு வந்த இரத்தப் புற்றுநோய், பிறவிக் குறைகள் பற்றி ஊர் சொன்னதை நிறுவனம் கடைசிவரை தன் கணக்கில் ஏற்கவில்லை.

கழிவு இப்போது கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில், மூடிய கிடங்கில் இருக்கிறது. தோரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு ஆகும். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் இருபது கோடி ஆண்டு என்று எழுதியபோது பெரிய எண்ணாகத் தெரிந்தது.

கதிர்வீச்சுக்கு மணமில்லை, நிறமில்லை, சத்தமில்லை. மழையை இலையில் படித்தவரும் ஈயத்தைச் சேற்றில் படித்தவரும் இதற்கு முன்னால் குருடர்கள்தான். எண் சொல்ல ஒரு கருவி வேண்டும், கருவியைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மெட்ரோலாக் குழலைக் கிராணி படித்தபோது நம்பியும் நம்பாமலும் நின்ற அதே வரிசைதான் இதுவும். ஆனால் இந்தமுறை ஊர் தன் சொந்தக் கருவியையும் தன் சொந்த ஆட்களையும் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து அளந்தார்கள், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். நிலத்தைக் கவனிப்பது என்ற சொல்லுக்குப் பொருளாக லகாட்டில் நடந்த மிகப்பெரிய செயல் என்று நான் நினைப்பது இதைத்தான். நாரை எண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்களைப் போன்ற குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறிப் புந்தோங்கிலும் மெங்லெம்புவிலும் லகாட்டின் புதுத் தாமான் குடியிருப்புகளிலும் பரவிவிட்டன. தோட்டத்தில் வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் தெருவுக்கு வருவதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டின் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களையே தோட்டம் வாங்க வைத்தார். எங்கள் தோட்டம் அந்தப் பட்டியலில் வரவில்லை. இப்போது செம்பனையும் பாதி அழிந்து வீடுகள் எழும்புகின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, அதன் பின்புறம் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு முக்கோண நிலத்தில் கொஞ்சம் பழைய ரப்பர் மரங்களோடு.

சென்ற ஆடித் திருவிழாவில் அம்மா சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நேராக அந்த மரங்களுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வெட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆன மரங்கள். பட்டை மீண்டும் வளர்ந்து மூடியிருந்தது, ஆனால் மூடிய விதம் மரத்துக்கு மரம் வேறு. ஒரு மரத்தில் வழவழவென்று, மனிதன் தொட்டதே தெரியாத மாதிரி. அதை அம்மா கையால் தட்டிவிட்டு ஒரு பெயர் சொன்னார். எங்கள் லயத்துக் கோடிவீட்டுப் பெரியம்மா. "அவ கத்தி பட்டா மரத்துக்கே தெரியாது." அடுத்த மரத்தில் கோடு போட்ட இடமெல்லாம் முண்டுகள், உள்ளே கத்தி இறங்கி மரம் வீங்கியதன் சான்று. அதற்கும் ஒரு பெயர் இருந்தது. "குடிச்சிப்புட்டு வருவான். கை நடுங்கும். ஆனா ஆளு நல்ல மனுசன், பாடுவான்." அவர் பெண்டாட்டி எந்த ஊருக்குப் போனாள், மகன் இப்போது எந்தத் தாமானில் இருக்கிறான், அவன் கல்யாணத்துக்கு நம்மை ஏன் கூப்பிடவில்லை என்பதும் அந்த முண்டுகளிலிருந்தே வந்தது.

ஐந்தாவதோ ஆறாவதோ மரத்தில் வந்து நின்றார். அதிலும் கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவுக்கு முண்டு. கோயில் சுவரிலிருந்து நிறையைக் கைவிரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இது உங்க நெறையா மா?" என்றேன்.

"நெற என்னோடதுதான். வெட்டு என்னோடது இல்ல. ஒந்தம்பி வயித்துல இருக்கறப்போ எனக்குப் பதிலா ஒருத்திய விட்டாங்க. பாரு, மேல பாரு, எவ்ளோ சுத்தமா இருக்கு. அது நானு. கீழ இருக்கறது அவ."

மேலேயும் கீழேயும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியத்தான் செய்தது. ஆனால் வருடக்கணக்கு உதைத்தது. தம்பி பிறந்த வருடத்தைச் சொல்லி, வெட்டு மேலிருந்துதானே கீழே வரும், அப்படியானால் இந்த உயரத்துக்கு வெட்டு வந்திருக்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகியிருக்காதா என்று கேட்டேன்.

"நீ மரம் வெட்டுனியா, நான் வெட்டுனேனா?" என்று கேட்டுவிட்டு, பாயாசம் தீர்ந்துவிடும் என்று பந்தியை நோக்கி நடந்தார்.